ஃபெடோரை 35 விநாடியில் அளந்துவிட முடியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் நெடுநாள் வாசகன். பத்திரிகை கைக்கு வந்ததும் விளையாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவேன், ஆனால் கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. எழுத வைத்தவன் என் அக்கா மகன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் பழைய நண்பர்கள் ஐந்து பேர் கூடியிருந்தோம். ஒன்றாகத் தேசிய சேவை, அதாவது சிங்கப்பூரின் கட்டாயப் படைச்சேவை, செய்தவர்கள். இப்போது ஒருவர் பேருந்து ஓட்டுகிறார், ஒருவர் துவாஸில் பாதுகாப்பு அதிகாரி, ஒருவர் துணைப்பாட ஆசிரியர், இப்படி ஆளுக்கொரு பக்கம். பிரியாணி முடிந்து தே தாரிக் வந்ததும் பேச்சு வழக்கம்போல ஃபெடோர் எமிலியானென்கோவிடம் போய்ச் சேர்ந்தது. பிரைடு என்ற ஜப்பானியக் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியின் முன்னாள் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) வெற்றியாளர், ரஷ்யர், ஏறக்குறைய 10 ஆண்டுகள் யாரிடமும் தோற்காதவர். எங்களுக்கு அவர் பேர் சொன்னாலே வயது 20 குறைந்துவிடும்.

கூட வந்திருந்த என் அக்கா மகன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் கைப்பேசியை எடுத்து ஒரு காணொளியைக் காட்டி, "மாமா, இவர் ரயன் பேடர்கிட்ட 35 விநாடியில விழுந்தவர்தானே, யுஎஃப்சியில ஒரு சண்டைகூடப் போடாதவர், இவரைப் போய் எல்லாரும் இவ்வளவு பெரிய ஆள்னு சொல்றீங்களே?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால்தான் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவன் சொன்ன இரண்டும் உண்மை. 2019 ஜனவரியில் ஃபெடோர் அமெரிக்க வீரர் பேடரிடம் 35 விநாடியில் விழுந்தார், யுஎஃப்சி என்ற பெரிய அமெரிக்கப் போட்டி நிறுவனத்தில் அவர் கால் வைத்ததே இல்லை. ஆனால் அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதனை எடைபோட்டால் என்ன மிஞ்சும்? அன்று அங்கே அவனுக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். அவன் வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது இந்த விளையாட்டைப் பார்க்கிறார்கள், பயிற்சிக்கூடங்களுக்கும் போகிறார்கள்.

நான் ஃபெடோரை முதன்முதலில் பார்த்தது 2003இல், ஈசூனில் ஒரு நண்பர் வீட்டில். முகாமிலிருந்து வார இறுதி விடுப்பில் வந்திருந்தோம். அந்த நண்பரின் அண்ணன் ஜப்பானில் வேலை பார்த்தார், அங்கிருந்து கொண்டுவந்த வட்டு அது. படம் ஓடத் தொடங்கியதும் எங்களுக்கு ஏமாற்றம். மற்ற வீரர்கள் எல்லாம் செதுக்கி வைத்த சிலைபோல இருக்க, இவர் சரிந்த தோளும் லேசான தொப்பையுமாக, பக்கத்து புளோக்கில் சந்தையிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு நடந்துபோகிற ஒரு மனிதரைப்போல வந்து நின்றார். முகத்தில் கோபம் கிடையாது, பயம் கிடையாது, ஒன்றுமே கிடையாது. எதிரில் நின்றது அன்றைய வெற்றியாளர், பிரேசிலின் நொகேரா.

நொகேராவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சண்டையில் கீழே மல்லாந்து கிடப்பவன் தோற்றுக்கொண்டிருக்கிறான் என்றுதான் நாம் நினைப்போம். நொகேரா அதற்கு நேர்மாறு, கீழே படுத்துக்கொண்டே மேலே இருப்பவன் கையையோ கழுத்தையோ கால்களுக்கு நடுவே பூட்டிவிடுவார். அவர் மேல் விழுவது என்பது கிணற்றில் குதிப்பதுபோல. எல்லாரும் அங்கே போகாமல் இருக்கத்தான் வழி தேடுவார்கள். ஃபெடோர் தானாகவே அங்கே போனார். ஒரு முறை இல்லை, 20 நிமிடமும் திரும்பத் திரும்ப அவர் கால்களுக்கு நடுவே இறங்கி, பூட்டு விழும் முன்னே கையை உருவி, உருவிய கையாலேயே குத்தினார். அது 2003 மார்ச் 16, யோகஹாமா. நடுவர்கள் ஒருமனதாக அவருக்கே பட்டத்தைக் கொடுத்தார்கள். எங்கள் கூடத்தில் யாரும் பேசவில்லை. நண்பரின் அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை.

அன்றிலிருந்து நாங்கள் ஒரு குறிப்பேடு வைத்திருந்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற சாதாரணக் குறிப்பேடுதான். தேதி, ஊர், எதிராளி, எப்படி முடிந்தது, எவ்வளவு நேரம், எல்லாம் தமிழிலேயே எழுதினோம். எதிராளியின் கையை நீட்டிப் பிடித்து முழங்கையை நெருக்கும் ஆர்ம்பாருக்கு என்ன எழுதுவது என்று ஒரு சண்டையே நடந்தது எங்களுக்குள். ஒருவர் 'கைப்பூட்டு' என்றார், இன்னொருவர் 'முழங்கைப் பூட்டு' என்றார். சிலம்பமும் குஸ்தியும் பழகிய ஒரு பெரியவர் தெரிந்தவராக இருந்தார், அவரைப் போய்க் கேட்டதற்கு அவர், பிடி வேறு, பூட்டு வேறு, பிடித்தால் திமிறலாம், பூட்டிவிட்டால் ஒப்புக்கொள்வதுதான் வழி என்று விளக்கினார். அதற்கப்புறம் 'கைப்பூட்டு'தான்.

அந்தக் குறிப்பேட்டில் அதிகம் கைபட்டு மடங்கிப்போன பக்கம் 2004 ஜூன் 20. எதிராளி கெவின் ராண்டில்மேன், அமெரிக்கர், யுஎஃப்சியின் முன்னாள் ஹெவிவெயிட் வெற்றியாளர், பிறவி மல்யுத்த வீரர். சண்டை தொடங்கிய சிறிது நேரத்தில் அவர் ஃபெடோரின் பின்பக்கமாகப் போய் இடுப்பைச் சுற்றிக் கைகோத்து அப்படியே அலாக்காகத் தூக்கினார். ஃபெடோரின் கால்கள் வானத்தைப் பார்த்தன, தலை தரையைப் பார்த்தது. 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு மனிதர் பிடரி அடிபட, தலைகீழாகத் தரையில் இறங்கினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். கழுத்து முறிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் விழுந்த மனிதர் கண்ணைக்கூட மூடவில்லை. உடனே உடம்பைத் திருப்பி, ராண்டில்மேனைப் புரட்டி மேலே வந்து, அவர் கையை முதுகுப்பக்கமாக வளைத்துப் பூட்டினார். ராண்டில்மேன் தட்டி ஒப்புக்கொண்டார். சண்டை மொத்தமே 1 நிமிடம் 33 விநாடி. வென்றபின் குதிக்கவில்லை, கத்தவில்லை, காலையில் பல் துலக்கி முடித்தவர்போல எழுந்து நின்றார். ராண்டில்மேன் 2016இல் 44 வயதில் காலமாகிவிட்டார். அந்த ஒரு தூக்குக்காகவே அவரையும் நாங்கள் மறப்பதில்லை.

2005 ஆகஸ்டில் சைதாமாவில் கிரோ கோப்புடன் நடந்ததைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. அவர் குரோவேஷியக் காவல்துறையின் அதிரடிப் படையில் இருந்தவர், வலது கால் பட்டால் மருத்துவமனை, இடது கால் பட்டால் இடுகாடு என்று ரசிகர்கள் சொல்வார்கள். உதைக்கிறவனிடமிருந்து விலகி நிற்பதுதானே இயல்பு? ஃபெடோர் மூக்கில் ரத்தம் வழிய வழிய முன்னால்தான் நடந்தார், 20 நிமிடமும் கிரோ கோப்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தார். காலை வீச இடமே கிடைக்கவில்லை. துணைப்பாடம் நடத்தும் எங்கள் நண்பர் இன்றைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறாராம், கஷ்டமான கேள்வியிலிருந்து விலகாதே, பக்கத்தில் போ என்று.

சரி, யுஎஃப்சிக்குப் போகாதவர் என்ற குறைக்கு வருகிறேன். குறைதான், மறுக்கவில்லை. 2009இல், ஃபெடோர் அப்போது சண்டையிட்டுவந்த அஃப்லிக்‌ஷன் நிறுவனம் போட்டி நடத்துவதை நிறுத்தியபோது யுஎஃப்சியுடன் பேச்சு நடந்தது. ஃபெடோர் தரப்பு தங்கள் நிறுவனமும் சேர்ந்து நடத்தவேண்டும் என்று கேட்டது, அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் ஸ்டிரைக்ஃபோர்ஸ் என்ற வேறொரு போட்டி நிறுவனத்துக்குப் போனார். அன்றைக்கு யுஎஃப்சி பட்டம் பிராக் லெஸ்னரிடம் இருந்தது. அந்தச் சண்டை நடந்திருக்க வேண்டும். நடக்காமல் போனது எங்களுக்கு இன்னும் ஆறவில்லை, அதில் ஃபெடோர் தரப்பின் பிடிவாதமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அவர் வென்றவர்களின் பட்டியலைப் பாருங்கள். மார்க் கோல்மன் யுஎஃப்சியின் முதல் ஹெவிவெயிட் வெற்றியாளர், அவரை இரண்டு முறை. ராண்டில்மேனைச் சொல்லிவிட்டேன். டிம் சில்வியா, ஆண்ட்ரே அர்லோவ்ஸ்கி, பின்னாளில் 2018இல் ஃபிராங்க் மிர். ஐந்து பேருமே யுஎஃப்சி ஹெவிவெயிட் பட்டம் வைத்திருந்தவர்கள். இதில் சில்வியா இரண்டு மீட்டர் உயரம். 2008 ஜூலையில் அவரைக் குத்தி வீழ்த்திக் கழுத்தைப் பூட்டி முடிக்க ஃபெடோருக்கு ஆனது 36 விநாடி. 35 விநாடியில் விழுந்ததைக் காட்டிய என் அக்கா மகனுக்கு இந்த 36 விநாடியை யாரும் காட்டவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எல்லாச் சண்டையும் அப்படிப்பட்டது என்றும் சொல்லமாட்டேன். புத்தாண்டு இரவுகளில் ஜப்பானியர்கள் வேடிக்கைக்காகவே சில பொருத்தங்களை ஏற்பாடு செய்தார்கள். 218 சென்டிமீட்டர் உயரமுள்ள கொரியர் சோய் ஹாங் மானுடன் நடந்தது அப்படி ஒன்று, அதையெல்லாம் பெருமைக் கணக்கில் சேர்க்க நான் தயாரில்லை. எங்கள் பேருந்து ஓட்டுநர் நண்பர் மட்டும் ஒத்துக்கொள்வதில்லை. அவருக்கு அதுதான் மிகவும் பிடித்த சண்டை.

அர்லோவ்ஸ்கி என்றதும் காலாங் ஞாபகம் வருகிறது. 2017 ஜூன் 17 அன்று யுஎஃப்சி இங்கே சிங்கப்பூர் உள்ளரங்கத்தில் போட்டி நடத்தியது, நாங்கள் மூன்று பேர் நுழைவுச்சீட்டு வாங்கிப் போயிருந்தோம். பெரும்பாலோர் ஹாலி ஹோம் என்ற வீராங்கனையைப் பார்க்க வந்தவர்கள். நாங்கள் போனது அர்லோவ்ஸ்கிக்காக. 2009 ஜனவரியில் அவர் ஃபெடோரை நன்றாகவே சமாளித்துக்கொண்டிருந்தார், குத்தும் விழுந்துகொண்டிருந்தது, முடித்துவிடலாம் என்று முழங்காலோடு பாய்ந்தார். பாய்ந்தவர் காற்றில் இருக்கும்போதே ஃபெடோரின் வலது கை வந்து சேர்ந்தது. முகம் குப்புற விழுந்தார். அந்த மனிதர் காலாங்கில் எங்கள் கண்ணெதிரே நடந்து வருகிறார், தாடியில் நரை தெரிகிறது, போலந்தின் திபூராவிடம் புள்ளிக்கணக்கில் தோற்கிறார். எங்கள் வரிசையில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்கார அண்ணன் எழுந்து நின்று கைதட்டிவிட்டு, யாரைப் பார்த்தும் சொல்லாமல், "ஃபெடோர்கூட நின்ன ஆளு" என்றார் மலாயில். அதற்கப்புறம் அவரும் எங்களோடு வந்து, அரங்கத்துக்கு வெளியே ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு மணிநேரம் நின்றே பேசினோம். அவருக்கும் ஒரு தேதி தவறாமல் எல்லாம் மனப்பாடம்.

சரியாக ஒரு வாரம் கழித்து, நியூயார்க்கில் மேட் மிட்ரியோனிடம் ஃபெடோர் விழுந்தார். இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. இருவரும் ஒரே நேரத்தில் குத்தி இருவருமே விழுந்தார்கள், ஆனால் மிட்ரியோன் முதலில் எழுந்துவிட்டார்.

முதல் பெரிய தோல்வியும் ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு. 2010 ஜூன். நண்பர் ஒருவரின் தங்கை கல்யாணம், பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், வாழையிலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள், கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி. ஒரே சொல், "போச்சு". ஃபேப்ரிசியோ வெர்டுமின் கால்களுக்குள் ஃபெடோர் போய் மாட்டிக்கொண்டார், 69 விநாடி. நொகேராவிடம் 20 நிமிடம் எந்த இடத்தில் பயமில்லாமல் இருந்தாரோ அதே இடம். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டில் ஏதோ குறை என்று நினைத்துப் பதறிவிட்டார்கள். அதற்கு முன் அவர் தோற்றது 2000 டிசம்பரில், முழங்கை பட்டுக் கிழிந்த காயத்துக்காக 17 விநாடியில் நிறுத்திய சண்டை ஒன்றுதான். அதனால் அவர் தோற்றால் எப்படி இருக்கும் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்புறம் சில்வா, ஹெண்டர்சன் என்று வரிசையாகத் தோல்விகள். 2012இல் ஓய்வு. அதோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் கருத்து, நண்பர்கள் பலமுறை என்னோடு இதற்காக வாதாடியிருக்கிறார்கள். 2015 கடைசி நாளில் சைதாமாவில் திரும்ப வந்தபோது எதிரில் நின்றவர் நம் இந்தியாவைச் சேர்ந்த ஜெய்தீப் சிங், அதில் வென்றார். அதற்கப்புறம் வந்தவைதான் என் அக்கா மகன் பார்த்தவை. அவன் ஃபெடோரைப் பார்க்கத் தொடங்கும்போது ஃபெடோருக்கு 40 தாண்டிவிட்டது. பேடர் அவரை 35 விநாடியில் வீழ்த்தியபோது வயது 42. பிள்ளை மேல் என்ன தப்பு?

என் தாத்தா கிங்காங், தாராசிங் என்ற மல்யுத்த வீரர்களின் கதைகளைச் சொல்லிச் சொல்லித்தான் நான் வளர்ந்தேன். கேலாங்கில் இருந்த ஹேப்பி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் மல்யுத்தம் பார்த்தவர் அவர், கிங்காங்கின் உடம்பைக் காட்ட இரண்டு கைகளையும் விரித்துக்காட்டுவார். நான் அந்த இரண்டு பேரையும் பார்த்ததே இல்லை, ஆனால் எனக்கு அவர்களைத் தெரியும். காரணம், தாத்தா பார்த்தது அவர்களுடைய நல்ல காலம், சொன்னதும் அதைத்தான். என் அக்கா மகனுக்குக் கைப்பேசி சொல்லித்தருகிறது. அது கடைசியில் விழுந்ததைத்தான் முதலில் காட்டுகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஃபெடோரின் அப்பா வெல்டர், அம்மா ஆசிரியை. அவரும் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் படித்தவர். என் அப்பாவும் வெல்டர்தான், செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் 30 வருடத்துக்கு மேல். கை முழுக்கத் தீப்பொறி பட்ட புள்ளிகள் இருக்கும். பேசமாட்டார், வேலையில் என்ன நடந்தாலும் வீட்டுக்குள் வரும்போது முகம் ஒரே மாதிரி இருக்கும். ஃபெடோர் சண்டைக்கு நடந்துவரும்போதெல்லாம் எனக்கு அப்பா மாலையில் கதவைத் திறந்து உள்ளே வருவதுதான் ஞாபகம் வரும். 2006இல் லாஸ் வேகஸில் கோல்மன் தோற்று, முகமெல்லாம் வீங்கிக் கிடக்க, அவருடைய சின்ன மகள்கள் மேடைக்கு வந்து அழுதார்கள். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று அவர் தேற்றினார். ஃபெடோரும் அங்கேதான் இருந்தார், வென்ற சந்தோஷம் துளிகூட முகத்தில் இல்லை. இதை எங்கள் நண்பர்கள் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, ஆனால் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

கடைசிச் சண்டை 2023 பிப்ரவரியில், மறுபடியும் பேடர். நம் நேரப்படி 5ஆம் தேதி, அன்று தைப்பூசம். கொவிட் காரணமாக இரண்டு வருடம் நடக்காத பாத ஊர்வலம் அந்த வருடம்தான் திரும்ப நடந்தது. நான் பெருமாள் கோயிலிலிருந்து தேங் ரோடு வரை பால்குடம் எடுத்துவிட்டு, வெறுங்காலோடு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கையில் தண்ணீர் பந்தலில் கொடுத்த மோர், ஒரு கையில் கைப்பேசி. முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது. அவருக்கு 46 வயது. கையுறைகளைக் கழற்றிக் கூண்டின் நடுவே வைத்தார். சுற்றிலும் கோல்மன், ஹெண்டர்சன், கூத்தூர், லிடெல், ராய்ஸ் கிரேசி. ஒரு காலத்தில் அவரோடு மோதியவர்களும், அவரோடு மோத வாய்க்காதவர்களும். 40 வெற்றி, 7 தோல்வி, முடிவில்லாமல் போனது 1. அன்றிரவு குறிப்பேட்டில் கடைசி வரியை நான்தான் எழுதினேன்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் கேட்பது இதுதான். விளையாட்டுப் பக்கத்தில் காற்பந்தும் கிரிக்கெட்டும் வரட்டும், நானும் படிக்கிறேன். மாதம் ஒரு முறையாவது ஒரு கால் பக்கம், ஓய்வு பெற்றுவிட்ட வீரர்களைப் பற்றி, அவர்களை நல்ல காலத்தில் பார்த்த வாசகர்களே எழுதும்படி ஒதுக்குங்கள். ஃபெடோர்தான் வேண்டும் என்பதில்லை, சிலாட் ஆகட்டும், குத்துச்சண்டை ஆகட்டும், மலேசியக் கிண்ணக் காற்பந்து ஆகட்டும். இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் படிக்க என் அக்கா மகனுக்கு நான் தேடிப் பார்த்தேன், கொடுக்கும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. குறிப்பேடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, நீங்கள் சரி என்றால் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன். 2004 ஜூன் பக்கத்தில் மட்டும் தே தண்ணீர் கொட்டிய கறை இருக்கும், எழுத்து தெரியும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்